நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது?

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே வந்து சேரும் புகார்களுக்கு ஒரு பொதுவான முதல் வரி உண்டு: “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு, அப்டேட் போட்டதும் நின்னுபோச்சு.” இந்த ஒரு வரிக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. நேற்று வரை ஓடியதால் ப்ரோக்ராமில் குறை இல்லை என்பது ஒன்று. இடையில் நடந்தது அப்டேட் மட்டும்தான், ஆகவே குற்றவாளி அதுதான் என்பது இரண்டாவது. இரண்டாவது சில சமயம் உண்மையாக இருக்கும். முதலாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓடியது என்பதும் சரியாக எழுதப்பட்டது என்பதும் ஒன்றல்ல. யாரும் கொடுக்காத ஒரு வாக்குறுதியை நம்பி ஒரு ப்ரோக்ராம் இருபது வருடம் ஓடலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும் நாளில், அப்படி ஒரு வாக்குறுதி இருந்ததே இல்லை என்பது தெரியவரும். ஆகவே பழுது பார்ப்பவர் தேடவேண்டியது அந்த இல்லாத வாக்குறுதியை. மெமரி கேட்டு மறுக்கப்படும் ‘எம்மேப்’ என்ற ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டால் இது கண்ணெதிரே தெரியும்.

எம்மேப் என்ன என்று தெரிய, முதலில் மெமரிக்கு முகவரி எப்படி அமைகிறது என்று பார்க்கவேண்டும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் பார்சல் கொண்டுவரும் பையன்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எத்தனை நகர் இருக்கிறதோ அத்தனை ‘முதல் மெயின் ரோடு’ இருக்கும். ஒவ்வொரு நகரிலும் ஒரு ஒன்றாம் நம்பர் மனை இருக்கும். நகரின் பெயரைச் சேர்க்காமல் ‘ஒன்றாம் நம்பர்’ என்று மட்டும் சொன்னால் அது எந்த வீட்டையும் குறிக்காது. கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனியாக ஒரு நகர் ஒதுக்கப்படுகிறது. அதற்குள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிக் கோடிக்கணக்கான கதவு எண்கள். பிரவுசரின் ஐயாயிரமாவது எண்ணும் கணக்கு ப்ரோக்ராமின் ஐயாயிரமாவது எண்ணும் வேறு வேறு இடங்கள். எந்த நகரின் எந்த எண் உண்மையான மெமரி சில்லில் எங்கே விழுகிறது என்ற பதிவேடு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலிடம் இருக்கிறது. ப்ரோக்ராமுக்கு அந்தப் பதிவேட்டைத் திருத்தும் உரிமை கிடையாது, விண்ணப்பிக்கத்தான் முடியும்.

அந்த விண்ணப்பம்தான் எம்மேப். 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ்காரர்கள் வகுத்த யோசனை இது. சன் நிறுவனம் 1988-ல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0-ல் முழுமையாக வேலை செய்தது. படிவத்தில் ஆறு கட்டங்கள். எந்த எண்ணிலிருந்து இடம் வேண்டும், எவ்வளவு நீளம், படிக்க மட்டுமா எழுதவுமா, எனக்கு மட்டுமா பிறரோடு பகிர்ந்தா, எந்த ஃபைலை அங்கே விரிக்கவேண்டும், அந்த ஃபைலில் எந்த இடத்திலிருந்து. முதல் கட்டத்தைக் காலியாக விட்டு ‘எங்கே கொடுத்தாலும் சரி’ என்றும் கேட்கலாம். குறிப்பிட்ட ஓர் எண்தான் வேண்டும் என்று பிடிவாதமாகவும் கேட்கலாம். அனுமதி கிடைத்துவிட்டால், ஃபைலைத் துண்டு துண்டாகப் படித்து நகலெடுக்கும் வேலை மிச்சம். ஃபைலே நகருக்குள் ஒரு தெருவாகிவிடும். தொட்ட வீடு மட்டும் அந்த நேரத்தில் வந்து நிற்கும். இது என்றோ ஒருநாள் நடக்கும் சமாச்சாரம் அல்ல. லினக்ஸில் ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ என்ற சின்னக் கட்டளைகூட, தனக்கு வேண்டிய நூலகங்களை ஏற்றிக்கொள்ள ஒரு டஜனுக்கு மேல் எம்மேப் விண்ணப்பம் போடுகிறது. போனில் ஓர் ஆப்பைத் தொட்டால் திரை வருவதற்குள் நடப்பவற்றில் இந்த வேலையும் உண்டு.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கெர்னல் என்ன சொல்லும்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெமரி கேட்கும் வேறு பல வழிகளில் ‘கிடைக்கவில்லை’ என்பதற்குப் பூஜ்ஜியம் பதிலாக வரும். எம்மேப் பூஜ்ஜியம் சொல்வதில்லை, மைனஸ் ஒன்று சொல்கிறது. காரணம், பூஜ்ஜியமும் ஒரு கதவு எண். அனுமதி கிடைத்து அந்த எண்ணே பதிலாக வரவும் ஒரு காலத்தில் வாய்ப்பிருந்தது. இதைக் கவனிக்காமல் ‘பூஜ்ஜியம் வந்தால் தோல்வி’ என்று எழுதிய ப்ரோக்ராம்கள் உண்டு. மறுப்பு வந்ததே அவற்றுக்குத் தெரியாது. மைனஸ் ஒன்றை வீட்டு எண் என்று நம்பிக் கதவைத் தட்டப்போய் அங்கேயே விழுந்துவிடும். விழுந்த இடம் ஒன்று, தவறு நடந்த இடம் வேறொன்று. மைனஸ் ஒன்றோடு கெர்னல் ஒரு பிழை எண்ணையும் எழுதி வைக்கிறது: 1 என்றால் இதற்கு உனக்கு அனுமதி இல்லை, 12 என்றால் மெமரி தர இயலாது, 13 என்றால் அந்த ஃபைலைத் திறந்த விதத்துக்கும் நீ கேட்பதற்கும் பொருந்தவில்லை, 22 என்றால் விண்ணப்பமே தப்பு. மெமரி பற்றிய பழுதுபார்ப்பில் பாதி வேலை இந்த எண்ணைக் கண்ணால் பார்ப்பதிலேயே முடிந்துவிடும். பார்க்காமல் செய்வதெல்லாம் ஊகம்.

எண் 1-லிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதன் பின்னால் நம் ஊர்க் கடைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. 1990-களில் கம்ப்யூட்டர் வாங்கிய சிறு நிறுவனங்கள், கிளினிக்குகள், தோல் பதனிடும் பட்டறைகள், மொத்த வியாபாரக் கடைகள் ஃபாக்ஸ்ப்ரோவிலும் கிளிப்பரிலும் கணக்கு ப்ரோக்ராம் எழுதி வாங்கிக்கொண்டன. எல்லாம் டாஸில் ஓடுபவை. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், மூல நிரல் எந்த ஃபிளாப்பியில் போனதோ தெரியாது. ஆனால் பில் சரியாக வருகிறது, பழைய பாக்கியெல்லாம் அதில் இருக்கிறது. மாற்ற மனம் வராது. டாஸ் போனபிறகும் இவற்றை லினக்ஸுக்குள் ஓட்ட ‘டாஸ்எமு’ என்ற ப்ரோக்ராம் உதவியது. லினக்ஸுக்குள் ஒரு டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிப்பது அதன் வேலை. அந்த நடிப்புக்கு ஒரு கட்டாயம் உண்டு. இன்டெல் 1978-ல் வெளியிட்ட 8086 சில்லின் அமைப்பில், விசைப்பலகையைத் தட்டினால் எங்கே போகவேண்டும், கடிகாரம் அடித்தால் எங்கே போகவேண்டும் என்ற அட்டவணை மெமரியின் முதல் 1024 பைட்டுகளில் இருக்கும்: 256 பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட். டாஸ் அதை எண் பூஜ்ஜியத்தில்தான் தேடும். ஆகவே டாஸ்எமு கெர்னலிடம் பிடிவாத விண்ணப்பம் போட்டது: எனக்குப் பூஜ்ஜியத்திலிருந்துதான் இடம் வேண்டும். பல வருடங்கள் கெர்னல் கொடுத்துக்கொண்டிருந்தது. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 வந்தது, மேம்படுத்தியவர்களின் டாஸ்எமு எழுந்திருக்கவில்லை. எம்மேப் தோல்வி, பிழை எண் 1.

என்ன மாறியது? 2007 அக்டோபரில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.23-ல், ரெட் ஹாட் நிறுவனத்தின் எரிக் பாரிஸ் எழுதிய ஒரு சிறு பாதுகாப்பு சேர்ந்திருந்தது. ‘எம்மேப் மின் ஆடர்’ என்று அந்த அமைப்புக்குப் பெயர். சாதாரண ப்ரோக்ராம்கள் இந்த எண்ணுக்குக் கீழே இடம் கேட்கக் கூடாது என்பதே அதன் பொருள். உபுண்டு அந்த எண்ணை 65536 என்று வைத்தது. அதாவது முதல் 64 கிலோபைட்டில் யாரும் வீடு கட்டக் கூடாது. 32 பிட் கம்ப்யூட்டரின் நகரில் 400 கோடிக்கு மேல் கதவு எண்கள் உண்டு. அதில் இது 65,536-ல் ஒரு பங்கு. மீனம்பாக்கம் ஓடுபாதையை ஒட்டி வெறுமனே கிடக்கும் நிலத்தைப் பொழிச்சலூர் பக்கத்திலிருந்து பார்த்தால் வீணாகக் கிடப்பதுபோலத்தான் தோன்றும். அது காலியாக இருப்பதற்காகவே இருக்கிற நிலம். முதல் 64 கிலோபைட்டும் அப்படித்தான்.

அது ஏன் காலியாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை. தபால் இலாகாவில் முகவரி கிடைக்காத கடிதங்களின் மேல் ‘விலாசம் இல்லை’ என்று எழுதுகிறார்கள். ஒரு கில்லாடி தன் வீட்டுக்கே ‘விலாசம் இல்லை’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வழி தவறிய கடிதமெல்லாம் அவன் வீட்டுக்கு வரும். வங்கியின் ரகசியக் கடிதமும் வரும். ப்ரோக்ராம் எழுதுபவர்கள் ‘இதற்கு இன்னும் முகவரி இல்லை’ என்பதைக் குறிக்கப் பூஜ்ஜியத்தைத்தான் எழுதுகிறார்கள். கெர்னலை எழுதியவர்களும் மனிதர்கள்தான். சில இடங்களில் ‘முகவரி இருக்கிறதா’ என்று பார்க்க மறந்திருப்பார்கள். அப்போது கெர்னல் பூஜ்ஜியத்தைத் தேடிப் போகும். அங்கே யாரும் இல்லை என்றால் தடுக்கி விழும், அதோடு சரி. ஒரு ப்ரோக்ராம் அங்கே முன்கூட்டியே குடியேறித் தன் கட்டளைகளை எழுதி வைத்திருந்தால், கெர்னல் தன் முழு அதிகாரத்தோடும் அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும். சாதாரணக் கணக்கில் நுழைந்தவன் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டரின் முழு உரிமையாளன். இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பது 2009 ஆகஸ்டில் தெரிந்தது. டேவிஸ் ஆர்மண்டி, ஜூலியன் டின்னஸ் என்ற இருவர் லினக்ஸின் நெட்வொர்க் பகுதியில் இப்படி ஒரு மறதியைக் கண்டுபிடித்தார்கள். 2001-லிருந்து வெளியான 2.4, 2.6 வரிசைக் கெர்னல்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. எட்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. பூஜ்ஜியம் பூட்டியிருந்த கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைவது பெரும்பாலும் முடியாமல் போனது. திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களில் சுலபமாக முடிந்தது.

இந்த இடத்தில் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்விதான். “அந்த 65536-ஐப் பூஜ்ஜியமாக்க ஒரே ஒரு வரி போதுமாமே? போட்டால் என் பில் ஓடுகிறது. என் கம்ப்யூட்டரில் யார் வந்து திருடப்போகிறார்கள்?” உண்மையில் அப்போது பலரும் சொன்ன வைத்தியம் அதுதான், அந்த வரியைப் போட்டவுடன் டாஸ்எமு எழுந்து உட்கார்ந்தது. இந்த வைத்தியத்தில் என் ஆட்சேபம் அதன் அளவைப் பற்றியது. ஒரு ப்ரோக்ராமுக்காக எழுதப்படும் அந்த வரி, அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியத்தைத் திறந்துவிடுகிறது. சாவி பூட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காகக் காம்பவுண்டுச் சுவரை இடிப்பதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு: அப்படிப் போட்ட வரி அங்கேயே கிடக்கும். பில் ப்ரோக்ராமை விட்டொழித்து ஐந்து வருடம் ஆன பின்னும், ஏன் போட்டோம் என்று யாருக்கும் நினைவில்லாமல் கிடக்கும். அவசரத்துக்கு ஒருநாள் திறந்து மாதக் கடைசிக் கணக்கை எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். அதைப் பழுது நீக்கியதாகக் கணக்கெழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் கொடுத்ததைத் திடீரென்று மறுப்பது எந்த ஊர் நியாயம்? ஆற்றுப் புறம்போக்கில் முப்பது வருடம் குடியிருந்து, கரண்ட் கனெக்‌ஷனும் ரேஷன் கார்டும் வாங்கிய பிறகு நோட்டீஸ் ஒட்டுவதைப்போல இல்லையா? உவமை உறுத்துகிறது. மனிதர்கள் விஷயத்தில் நான் நோட்டீஸ் ஒட்டுபவர் பக்கம் நிற்கமாட்டேன், அவர்களுக்குப் போக்கிடம் வேண்டும். ப்ரோக்ராமுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எழுதியவர் நினைத்தால் வேறு எண்ணுக்குப் போய்விடலாம். இருந்தாலும் ஆட்சேபத்தின் சாரத்தை லினக்ஸ் உலகமே ஏற்றுக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமைக் கெர்னல் மாற்றம் உடைத்தால், அது கெர்னலின் தவறு என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கடைப்பிடிக்கிற விதி. 2012 டிசம்பரில் ஒரு மூத்த பராமரிப்பாளரை இதற்காக அவர் பகிரங்கமாகத் திட்டியது பிரசித்தம். அந்த விதிக்கும் பூஜ்ஜியத்தைப் பூட்டியதற்கும் உரசல் இருக்கிறது. அதனால்தான் கெர்னல் அந்த எண்ணை ஒரு மாற்றத்தக்க அமைப்பாக வைத்தது. எவ்வளவு என்பதை உபுண்டு போன்ற வெளியீட்டாளர்கள் முடிவு செய்தார்கள். கெர்னல் பக்கமே தவறு செய்த சந்தர்ப்பமும் உண்டு. 2017 ஜூனில் ‘ஸ்டாக் கிளாஷ்’ என்ற ஓட்டையை அடைக்க, ப்ரோக்ராமின் அடுக்கு மெமரிக்குக் கீழே இருந்த காலி இடத்தை 4 கிலோபைட்டிலிருந்து 1 மெகாபைட்டாக அகலப்படுத்தினார்கள். 32 பிட் கம்ப்யூட்டர்களில் அதே இடத்தில் தன் சொந்தத் தடுப்பை வைத்திருந்த ஜாவா தடுமாறியது. அந்த முறை இடம் விட்டுக் கொடுத்தது கெர்னல்தான். அடுத்த வாரங்களிலேயே திருத்தம் வந்தது. யார் பக்கம் தவறு என்பதை ‘எது கடைசியாக மாறியது’ என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எது, வழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும்.

இந்தப் பிரிப்பு இன்னும் கூர்மையாகத் தெரிவது பிழை எண் 22-ல். இது இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் விஷயமும்கூட. நம் பக்கம் மனை விற்பவர்கள் கிரவுண்டுக் கணக்கில் பேசுவார்கள்: ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. கெர்னலுக்கும் அப்படி ஒரு கிரவுண்ட் உண்டு. ‘பேஜ்’ என்று பெயர். இன்டெல் 1985-ல் வெளியிட்ட 386 சில்லு முதல் நம் மேசைக் கம்ப்யூட்டர்களில் ஒரு பேஜ் 4096 பைட். எம்மேப் விண்ணப்பத்தின் ஆறாவது கட்டத்தில் எழுதும் எண், அதாவது ஃபைலில் எங்கிருந்து என்பது, பேஜ் அளவின் மடங்காக இருக்கவேண்டும் என்பது எழுதி வைத்த ஒப்பந்தம். பேஜ் அளவு எவ்வளவு என்று கெர்னலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் 4096 என்று எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இருபது, முப்பது வருடம் கண்ணில் பட்டதெல்லாம் 4096 என்பதால், கேட்காமலே அந்த எண்ணைக் கையால் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது ‘பேஜின் மடங்கு’. வழக்கத்தில் இருந்தது ‘4096-ன் மடங்கு’. இரண்டும் ஒன்றாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு கிரவுண்டின் அளவு மாறியது. ஆப்பிளின் எம்1 சில்லு 2020-ல் 16 கிலோபைட் பேஜோடு வந்தது. 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை 5, தன் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 16 கிலோபைட் பேஜ் கெர்னலையே இயல்பாக ஏற்றியது. பழைய அட்டையில் ஓடிய சில ப்ரோக்ராம்கள் அதில் ‘பேஜ் அளவு பொருந்தவில்லை’ என்று நின்றுவிட்டன. ஆண்ட்ராய்டு 15-ம் 16 கிலோபைட்டுக்குத் தயாரானது. இப்போது ஒரு ப்ரோக்ராமை நெருங்கிப் பார்ப்போம். படங்களை ஒரே பெரிய ஃபைலில் அடுக்கி, ஒவ்வொன்றையும் 4096 பைட் இடைவெளியில் வைத்திருக்கிறது. ஆறாவது படம் தொடங்குவது 20480-ல். பழைய கணக்கில் அது சரியாக ஐந்து பேஜ். புதிய பேஜ் 16384. 20480-ஐ அதனால் வகுத்தால் ஒன்றேகால். எல்லைக்கல் ஒன்றேகாலில் நிற்காது. மறுப்பு, எண் 22. வேடிக்கை என்னவென்றால் எல்லாப் படமும் மறுக்கப்படாது. முதல் படம் பூஜ்ஜியத்தில் இருப்பதால் திறக்கும். இரண்டு, மூன்று, நான்கு திறக்காது. ஐந்தாவது 16384-ல் விழுவதால் திறக்கும். பயன்படுத்துபவர் கண்ணுக்கு இது பேய் பிடித்ததுபோல இருக்கும். “சில நேரம் வருதுங்க, சில நேரம் வரலை” என்பார். நான்கில் ஒன்று வருகிறது என்பதை ஒருவர் பொறுமையாக எண்ணிப் பார்த்தால், அந்த நான்கே காரணத்தைச் சொல்லிவிடும்: 16384-ல் 4096 நான்கு முறை போகும்.

எதற்கு இந்த வம்பு, 4096-லேயே இருந்துவிட்டுப் போகலாமே என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு மெகாபைட்டைப் பதிவேட்டில் எழுத 4 கிலோபைட் பேஜில் 256 வரிகள் வேண்டும். 16-ல் 64 வரி போதும். மெமரி பல ஜி.பி.க்களாகப் பெருகிய காலத்தில் பதிவேட்டைப் புரட்டும் நேரமே செலவாகிறது. கூகுள் தன் சோதனைகளில் கண்டதாகச் சொன்னவை: மெமரி நெருக்கடியில் ஆப்கள் திறக்கும் நேரம் சராசரியாக 3.16 சதவீதம் குறைந்தது, சில ஆப்களில் 30 சதவீதம் வரை. போன் ஆன் ஆகும் நேரம் 8 சதவீதம் குறைந்தது. மெமரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நாலு கிரவுண்டுக்குக் குறைந்து வாங்க முடியாது என்றால் ஒரு கிரவுண்ட் போதுமானவருக்கும் நாலு வந்து சேரும். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்குப் பிந்தையதையும் குறிவைத்து பிளே ஸ்டோரில் சேரும் புதிய ஆப்களும் புதுப்பிப்புகளும் 16 கிலோபைட்டில் ஓடவேண்டும் என்று விதி போட்டார்கள். ஜாவாவிலும் காட்லினிலும் மட்டும் எழுதிய ஆப்களுக்குச் சிக்கல் இல்லை. சி, சி++ நூலகங்களைச் சேர்த்துக் கட்டியவைதான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அந்த நூலகங்களை ஏற்றுவதே எம்மேப் வழியாகத்தான். அவற்றின் பகுதிகள் 4096 எல்லையில் வெட்டப்பட்டிருந்தால் புதிய எல்லைக்கல்லில் உட்காரா. பெரும்பாலும் புதிய கருவிகளைக் கொண்டு மறுபடி கட்டினாலே போதும். கட்டுவதற்கு ஆள் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எண் 12 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுதான் மிக அதிகமாக ஏமாற்றுவது. ‘மெமரி தர இயலாது’ என்று வந்தவுடன் ரிச்சி தெருவுக்குப் போய் ரேம் வாங்கி வந்துவிடுவார்கள். ரேம் தாராளமாக இருக்கும்போதும் 12 வரும். ஒரு ப்ரோக்ராம் எத்தனை தனித்தனி ஒதுக்கீடுகள் வைத்திருக்கலாம் என்பதற்கு லினக்ஸில் வெகுகாலம் வழக்கமாக இருந்த வரம்பு 65530. அதைத் தொட்டால் 12. தரவுப் பகுதிக்கு நிர்வாகி வைத்த வரம்பு இன்னொன்று. 2016-ல் வந்த கெர்னல் 4.7 வரை அந்த வரம்பு எம்மேப் ஒதுக்கீடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, 4.7 முதல் சேர்த்தது. நிர்வாகி என்றோ வைத்துவிட்டு மறந்த ஒரு வரம்பு, ஒன்றுமே மாற்றாமல், மேம்படுத்திய மறுநாள் கடித்தது.

ஆக, பழுது பார்க்கும் முறை என்று தனியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவி, ஒரு ப்ரோக்ராம் கெர்னலிடம் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதற்கு வந்த பதிலையும் வரி வரியாக எழுதிக் காட்டும். ஆயிரக்கணக்கான வரிகளில் ‘மைனஸ் ஒன்று’ என்று முடிகிற எம்மேப் வரியைத் தேடவேண்டும். பக்கத்தில் பிழையின் பெயரும் சிறு விளக்கமும் இருக்கும், அதிலிருந்து எண் தெரிந்துவிடும். 22 என்றால் ஆறாவது கட்டத்தை எடுத்து, ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ கட்டளை சொல்லும் அளவால் வகுத்துப் பார்ப்பது. 1 என்றால் முதல் கட்டத்தில் கேட்ட எண்ணைப் பூட்டிய எல்லையோடு ஒப்பிடுவது. 12 என்றால் வரம்புகளைப் படிப்பது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் அதே ப்ரோக்ராமை எஸ்ட்ரேஸில் ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த வரியிலிருந்து இருவரும் பிரிகிறார்கள் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் படித்த ஒரு கல்லூரி மாணவர் ஒரு மதியத்தில் செய்யக்கூடிய வேலை.

“இதெல்லாம் படித்தவர்களுக்குச் சரி, சாதாரண ஜனங்கள் எஸ்ட்ரேஸா ஓட்டுவார்கள்?” என்பது கடைசி ஆட்சேபம். ஓட்டமாட்டார்கள், ஓட்டவும் வேண்டாம். கெர்னல் சொன்ன எண்ணை ப்ரோக்ராம் மென்று விழுங்காமல் வெளியே சொன்னாலே போதும். இன்றைய ஆப்கள் ‘அச்சச்சோ, ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று ஒரு பொம்மையைக் காட்டுகின்றன. கெர்னல் காரணத்தோடு எண் போட்டுக் கொடுத்த பதில் அந்தப் பொம்மைக்குள் காணாமல் போகிறது. பயனருக்கு அந்த எண் புரியாது என்பது அதை மறைப்பதற்குக் காரணம் ஆகாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டும் நோயாளிக்குப் புரிவதில்லை, ஆனால் அவர் கையில்தான் கொடுக்கிறார்கள், டாக்டரிடம் காட்டுவதற்காக. இங்கே டாக்டர்களும் தொலைவில் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இருந்தது. மூல நிரல் திறந்திருப்பதன் பலனை இலவசம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். டாஸ்எமு பிழைத்ததற்குக் காரணம் அது இலவசம் என்பதல்ல. எந்த வரியில் பூஜ்ஜியத்தைக் கேட்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடிந்தது, பார்த்தவர் திருத்தவும் முடிந்தது.

அந்தத் திருத்தம் ரசிக்கத்தக்கது. ஃபாக்ஸ்ப்ரோ பில்லிலும் கை வைக்கவில்லை, கெர்னலின் பூட்டையும் உடைக்கவில்லை. 8086 சில்லையே ப்ரோக்ராமாக எழுதி, டாஸ் சொல்லும் ஒவ்வொரு முகவரியோடும் ஒரு பெரிய எண்ணைக் கூட்டிக்கொள்ளச் செய்தார்கள். டாஸ்பாக்ஸ் போன்றவை முதலிலிருந்தே அந்த வழியில் போனவை. டாஸ்எமு2 இன்று சில்லில் உள்ள மெய்நிகர் வசதியைக் கொண்டும் இதைச் செய்கிறது. டாஸ் ‘பூஜ்ஜியம்’ என்று கேட்கும்போது, நகரின் வேறொரு கோடியில் அனுமதியோடு வாங்கிய மனையின் வாசல் திறக்கிறது. 256 பதிவுகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. பில் அச்சாகிறது. தான் இன்னும் ஓடுபாதை ஓரத்து முதல் மனையிலேயே குடியிருப்பதாகத்தான் டாஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது.